அன்ரனிதாசின் முதுகுக்கு ஒரு கட்டில்

தியாகலிங்கத்தார் தம் வாழ்நாளில் சொன்ன பொய்களிலே ஆக அழகான பொய், பாய்ப்படகின் அறைக்குள் இருந்த மேசையைக் கட்டிலாக்க வேண்டும் என்பதற்கு அன்ரனிதாசிடம் சொன்ன காரணம்தான்.

"உமக்கு முதுகு ஏலாது தானே. மத்தியானத்திலை கொஞ்சம் நிமிர்ந்து படுக்க ஒரு இடம் வேணும்" என்றார்.

அன்ரனிதாசுக்கு முதுகு ஏலாது என்பது உண்மை. அதைப்பற்றித் தியாகலிங்கத்தார் கவலைப்பட்டார் என்பதில்தான் ஒரு சொட்டு உண்மையும் இல்லை.

படகு மகன் அனோஜனுடையது. ஒஸ்லோவில் இருக்கும் அவன், திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன சின்னப் பாய்ப்படகை வாங்கி, "வெளிநாட்டிலையிருந்து வாற ஆக்களுக்கு நயினாதீவு, எழுவைதீவுப் பக்கம் சுத்திக் காட்டலாம் அப்பா, நீங்கள் சும்மா தானே இருக்கிறியள்" என்று தகப்பன் தலையில் கட்டியிருந்தான். சுருவிலில் வயலும் பனங்காணியும் உள்ள தியாகலிங்கத்தாருக்குக் கடல் என்றால் பண்ணைப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிவது. ஆகவே ஊர்காவற்றுறையிலிருந்து அன்ரனிதாஸ் வந்தார். பரம்பரையாகக் கடற்தொழில் செய்கிற மனிதர். பாய் விரிப்பது, சுருட்டுவது, காற்றுப் பார்ப்பது, நங்கூரம் போடுவது எல்லாம் அவர். தியாகலிங்கத்தார் தொப்பி போட்டுக்கொண்டு ஆட்களுக்குத் தீவுகளின் பெயர் சொல்லுவார்.

அறை என்றதும் மாளிகையை நினைக்க வேண்டாம். குனிந்துதான் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க நீட்டு வாங்குப் பலகை, நடுவிலே ஒற்றைக்கால் மேசை. எதிரெதிரே இருந்தால் முழங்காலோடு முழங்கால் முட்டும். அங்கே சாப்பிடுவதென்றால் சேர்ந்துதான் சாப்பிடலாம், வேறு விதமாக முடியாது.

வினை அங்கேதான் வந்தது. பங்குனியில் கனடாவிலிருந்து சிவரூபி என்ற இளம்பெண் புருசனோடு வந்திருந்தாள். அன்றைக்கு அன்ரனிதாசின் மனைவி மாக்கிறேற் கணவாய்க்கறி வைத்து அனுப்பியிருந்தார். கறி முடிந்ததும் அன்ரனிதாஸ் அந்தச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி, உருண்டை பிடித்து, ஆளாளுக்குக் கையில் வைத்தார். கறிச்சட்டிச் சோற்றின் ருசி தெரிந்தவன் சாதி பார்க்க மாட்டான். தியாகலிங்கத்தாரும் பார்க்கவில்லை. கையை நீட்டினார். வாங்கித் தின்றுவிட்டு, வாயெல்லாம் பல்லாக இன்னொரு தரமும் நீட்டினார். சிவரூபி அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்து, முகநூலில் போட்டாள்.

மறுநாளே கனடாவிலிருந்து மனைவி சீதேவியின் தமையன் தில்லைநாதன் தொலைபேசி எடுத்தார். "மச்சான், என்ன உது? மகள் பிரியவதனிக்குக் கலியாணம் பேசிற நேரம். மாப்பிளை பகுதியும் முகநூல் பாக்கிறவை தானே" என்றார். படத்தின் கீழே யார் யாரோ சாதியை இழுத்து என்னென்னவோ எழுதியிருந்தார்கள். தியாகலிங்கத்தார் கண்ணாடியைப் போட்டு ஒருதரம் வாசித்தார், இரண்டாந்தரம் வாசிக்கவில்லை.

"சாப்பிட்டதைக் கூட விடுங்கோ. படத்துக்கு ஏன் இளிச்சனீங்கள்?" என்றுதான் சீதேவி கேட்டார்.

தியாகலிங்கத்தார் தம்மை ஒரு நல்ல மனிதர் என்றே நம்பியிருந்தார். எல்லார் வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பார். மேடையில் பேசச் சொன்னால் சாதி கூடாது என்று பேசுவார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று இரண்டு நாள் புலம்பிக்கொண்டு திரிந்தார். பிறகு, ஊர் வாயை மூட முடியாவிட்டாலும் மேசையை மூடலாம் என்று கண்டுபிடித்தார். மேசை இல்லாவிட்டால் அறைக்குள் சாப்பாடு இல்லை. சாப்பாடு வெளியே என்றால் ஆளுக்கொரு பக்கம் இருக்கலாம். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

வேலையையும் அன்ரனிதாசே செய்தார். இரண்டு வாங்குகளின் உள்விளிம்பிலும் ஒவ்வொரு மரச்சட்டம் பூட்டினார். மேசையின் காலைக் கழற்றி, பலகையை அந்தச் சட்டங்களின்மேல் இறக்கினார். பலகை வாங்குகளின் மட்டத்துக்கு வந்து பொருந்தியது. மேலே மெத்தை போட்டால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

"ஆணி இல்லாமல் சும்மா வைச்சாலே காணும் அண்ணை" என்றார் அன்ரனிதாஸ். "சாப்பிடேக்கை தூக்கிக் காலைப் பூட்டினா மேசை. படுக்கேக்கை இறக்கினா கட்டில்."

"வேண்டாம். ஆணியைப் போட்டு இறுக்கிவிடும்."

"இறுக்கினா பிறகு மேசையா வராதண்ணை."

"வரத் தேவையில்லை."

அன்ரனிதாஸ் பலகையில் கையை ஊன்றியபடி அவரைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றுவிட்டுத் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.

அதன்பிறகு தியாகலிங்கத்தார் பின்பக்கம் இருந்து சீதேவி கட்டிக்கொடுத்த பொதியைப் பிரித்தார். அன்ரனிதாஸ் பாய்க்கு அந்தப் பக்கம், முன்னுக்குப் போய் இருந்து சாப்பிட்டார். அங்கே போய் இரும் என்று யாரும் சொல்லவில்லை. அது தியாகலிங்கத்தாருக்கு வசதியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. கூச்சம் நாளுக்கு நாள் கூடியது. ஏனென்றால் அன்ரனிதாஸ் ஒருநாளாவது அந்தக் கட்டிலில் முதுகைச் சாய்க்கவில்லை. "கொஞ்சம் படுமன்" என்றால், "காத்து மாறுது அண்ணை" என்பார். மாறாத காற்றுக்கும் அதையே சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் படகு கரைக்கு வந்தபோது மாக்கிறேற் இறங்குதுறையில் நின்றார். கையில் ஒரு தலையணை. புதுப் பஞ்சு அடைத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தார்.

"இவரின்ரை கட்டிலுக்கு" என்று தியாகலிங்கத்தாரிடம் நீட்டினார். "எத்தினை பேரின்ரை வள்ளத்திலை இந்த மனிசன் தொழிலுக்குப் போயிருக்கிறார் அண்ணை. ஒருத்தரும் இவரின்ரை முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் கட்டிலே செய்து குடுத்திருக்கிறியள். அந்தோனியார் கோயில்லை உங்கடை பேருக்கு மெழுகுதிரி கொழுத்தினனான்."

தியாகலிங்கத்தார் தலையணையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பிட வரவேணும். சீதேவி அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"பாப்பம், பாப்பம்" என்றார். அன்ரனிதாஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

செருப்பால் அடித்திருந்தால் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். மெழுகுதிரியை என்ன செய்வது? வீடு போய்ச் சேரும்வரை தியாகலிங்கத்தாருக்கு உடம்பெல்லாம் குறுகிக்கொண்டு வந்தது. வெட்கம் என்ற சொல்லை அவர் இதுவரை மற்றவர்களைப் பற்றித்தான் பாவித்திருந்தார். சாப்பிட அழைத்ததைச் சீதேவியிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, ஆட்கள் வரமுதல், அவர் தனியே படகுக்குப் போனார். மெத்தையைச் சுருட்டி ஒதுக்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். பழக்கமில்லாத கை. இரண்டு கழன்றன, மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்தது. அறை வாசலில் நிழல் விழுந்தது.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"மேசையைத் திரும்பப் பூட்டப் போறன்." தியாகலிங்கத்தார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த பேச்சில் ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது. "அன்ரனி, நான் இதை உம்மடை முதுகுக்காகச் செய்யேல்லை."

"தெரியும்." அன்ரனிதாஸ் படியில் இருந்தார். "ஆணியை இறுக்கச் சொன்ன நேரமே விளங்கிட்டுது. முதுகுக்கெண்டா, அது பிறகு மேசையா வந்தா உங்களுக்கென்ன? அந்தப் படத்தை என்ரை மகளும் பாத்தவள். கீழை எழுதினதுகளையும் வாசிச்சவள்."

"மாக்கிறேற்?"

"அவவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதையுங்கோ. ஒருத்தர் எங்களை நினைச்சாரெண்டு சந்தோசப்படுறா. இருக்கட்டும்."

தியாகலிங்கத்தாருக்கு முகம் எரிந்தது. கையில் இருந்த திருகாணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் போட்டார். "மேசையைப் பூட்டுவம். இனி இதிலையே ரெண்டு பேரும் இருந்து சாப்பிடுவம்" என்றார்.

"பூட்டுங்கோ. வாற ஆக்களுக்கு உதவும்" என்றார் அன்ரனிதாஸ். "எனக்கு வெளியிலை நல்ல காத்து."

பிறகு அன்ரனிதாஸ் எழுந்து, கோபம் இல்லாத குரலில் சொன்னார்: "நாளைய சாப்பாட்டை நினைச்சும் கவலைப்படாதையுங்கோ. உங்களுக்கு ஏதோ விரதம், வரமாட்டியள் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன். சைவக்காரருக்கு எப்பவும் ஒரு விரதம் இருக்கும் தானே. நம்பிட்டா."

எனக்கு விரதம் ஒன்றும் இல்லை, நான் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அது தியாகலிங்கத்தாருக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தச் சொல்லுக்கு முந்தி நிம்மதி வந்துவிட்டது. சீதேவியிடம் சொல்லத் தேவையில்லை, தில்லைநாதனுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, அப்பாடா என்று நெஞ்சு லேசாகியது. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அன்ரனிதாஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மேலே ஏறிப் பாயை அவிழ்க்கப் போனார்.