துணைக்கால்

பதிப்பகத்தில் அவளை எல்லோரும் ஒற்றம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு 'க்' விடுபட்டாலும் மல்லுக்கு நிற்பவள் என்பதால் யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறாள். முதலாளி போடுவதெல்லாம் பழைய தத்துவ நூல்களும் மறைநூல்களும்தான். எந்த மதமானாலும் சரி, விற்றால் போதும் என்பது அவர் கொள்கை. ஆகவே உலகத்து ஞானிகள் அத்தனை பேரும் ஒற்றம்மாவின் மேசையைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

அவர்களிடம் தான் நிறையக் கற்றுக்கொண்டதாக அவளுக்கு நினைப்பு. ஆசையை விடச் சொன்னவரைப் படித்த வாரம் புதுச் செருப்பு வாங்குவதைத் தள்ளிப்போட்டாள். மழை வந்ததும் வாங்கிவிட்டாள். எல்லாம் மாயை என்றவரைப் படித்தபோது கடைவாய்ப் பல்லில் வலி வந்து, அவர்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. வேற்று மொழி அறிஞர் ஒருவர் மரணத்தைத் தினமும் நினை என்று சொல்லியிருந்தார். தட்டச்சு செய்த பையன் அதை 'மரணத்தைத் தினமும் நனை' என்று அடித்து அனுப்பியிருந்தான். அதைச் சிரிக்காமல் திருத்தியதைத்தான் தன் மன அடக்கத்தின் உச்சம் என்று அவள் கருதினாள்.

உண்மையில் அவள் வீட்டில் ஒரு நூலைப் படித்து அதன்படி நடந்தவர் அவளுடைய கணவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், தான் முதன்முதலாகத் திருத்திய புத்தகம் என்று பெருமையாக ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தாள். யார் எழுதியது என்று தெரியாத பழைய அறநூல், மொத்தம் நூறு வாசகம். வாழ்க்கையில் அவர் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அது. அதில் நாற்பத்தொன்றாவது வாசகம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. 'கேட்டுப் பொறு.' யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கிக்கொள், பொறுத்துப் போ.

அதோடு சரி. மேலாளர் கத்தினால், சொந்த அண்ணன் சபையில் வைத்து மட்டம் தட்டினால், பின்னால் சேர்ந்தவன் முன்னால் போனால், "நாப்பத்தொண்ணு" என்பார். வேறு விளக்கம் கிடையாது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு நாற்பத்தொன்று என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் அவர்களைக் கூப்பிடுவார்கள். ஆகவே ஊரில் உள்ள உயரமான கட்டடங்களிலெல்லாம் மொட்டை மாடிவரை படியேறிப் போகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அவருக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, இனிமேல் படி ஏறினால் பிறகு தரையிலேயே நடக்க முடியாது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டிச் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை பத்தொன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை ஆரம்பம். மூன்று வாரம்.

அவர் கம்பெனியில் புகார் மேசை என்று ஒன்று இருந்தது. உட்கார்ந்த இடத்தில் போனை எடுத்து, எங்கே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று எழுதிக்கொள்ளும் வேலை. அதைக் கேளுங்கள் என்று ஒற்றம்மா பத்து நாளாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறந்து கேட்டாத்தானே தருவாங்க?"

"அவங்களுக்கே தெரியாதா."

"உங்க முட்டி தேஞ்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரே படத்தை நோட்டீஸ் போர்டுலயா ஒட்டியிருக்கு?"

"நாப்பத்தொண்ணு," என்றார் அவர், முழங்காலில் தைலம் தேய்த்தபடி.

வியாழக்கிழமை முதலாளி அந்த அறநூலின் எட்டாம் பதிப்பைப் போடப்போவதாகச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கட்டு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி ஒற்றம்மாவின் மேசையில் போட்டார். தூசியைத் தட்டிப் பிரித்தாள். மூலத்தைப் பார்த்து எழுதிய கைப்பிரதி இருந்தது. அதனடியில் முதல் பதிப்பின் மெய்ப்பு, அவளே திருத்தியது. இருபத்திரண்டு வயதில் தன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது என்று ரசித்துக்கொண்டே புரட்டினாள். நாற்பத்தொன்றில் கை நின்றது.

அச்சில் 'கேட்டுப் பெறு' என்று இருந்தது. 'பெ'வுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு துணைக்காலைச் செருகி, ஓரத்தில் 'கால் விடுபட்டுள்ளது' என்று அவள் எழுதியிருந்தாள். கைப்பிரதியை எடுத்துப் பார்த்தாள். கேட்டுப் பெறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதில் யாரும் எந்தக் காலையும் விடவில்லை.

ஏன் அப்படிச் செய்தாள் என்பதுகூட ஞாபகம் வந்தது. முற்றும் துறந்த ஒரு பெரியவர் போய் 'கேட்டு வாங்கிக்கொள்' என்றா சொல்லுவார், அது கவுண்டரில் நிற்பவர்களுக்குச் சொல்லுகிற புத்தியல்லவா என்று தோன்றியிருந்தது. நாற்பதாவது வாசகம் கோபத்தைப் பற்றியது. ஆகவே அடுத்தது பொறுமைதான் என்று முடிவு கட்டி, மூலத்தைப் பார்க்காமலே ஞானிக்கு ஒரு கால் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அதை நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் இரண்டு தாளையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏழு பதிப்பு வித்திருக்கும்மா. இப்பப் போய் மாத்தினா நாமதான் தப்பாப் போட்டோம்னு லெட்டர் வரும்."

"நாமதான் சார் தப்பாப் போட்டோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." யோசித்தார். "ஒண்ணு பண்ணு. பொறு அப்படியே இருக்கட்டும். கீழ சின்ன எழுத்துல, 'பெறு' என்றும் பாடம் உண்டுன்னு போட்டுடு."

ஞானி சொன்னது அடிக்குறிப்புக்குப் போயிற்று. அவள் சொன்னது மேலே நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் கணவர் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், அந்த மெய்ப்புத் தாளை அவர் மடியில் வைத்து நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். எதையும் கேட்காத கணவரோடு குடும்பம் நடத்துவதில் உள்ள சௌகரியம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது. பத்தொன்பது மாடி.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சிவப்புக் காலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"அப்ப இது நீ சொன்னதா?"

"ஆமாங்க."

"அந்தப் பெரியவர் சொன்னதில்லையா?"

"இல்லைங்க."

தாளை மடித்து அவளிடம் நீட்டினார். பிறகு, "நீ சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா நான் பொறுத்தே இருக்க மாட்டேனே," என்றார்.

கோபமா வேடிக்கையா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. கோபப்பட்டுத் தொலைத்தால்கூட நன்றாக இருக்கும் என்று ஒற்றம்மாவுக்குப் பட்டது.

மறுநாள் வேலை முடிந்து அவர் வந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், துடைத்துக்கொண்டார். அதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். திங்கக்கிழமையிலிருந்து புகார் மேசை."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அந்த எடம் ஆறு வருஷமாக் காலியாத்தான் இருக்காம். யாரும் கேக்கலையாம். ஆபீஸ்ல இருக்கறவங்களையே ஆளுக்கு ஒரு வாரம்னு மாத்தி மாத்தி உக்கார வச்சிருக்காங்க. நீங்க ஏன் முன்னாடியே கேக்கலைன்னார் மேனேஜர். புத்தகத்துல அச்சுப் பிழைன்னேன். சரின்னு தலையாட்டினார்."

ஒற்றம்மா சந்தோஷப்படுவதற்காகத் தயாராக நின்றிருந்தாள். ஆறு வருடம் என்ற சொல் அதைக் கெடுத்துவிட்டது. ஆறு வருடத்தில் எத்தனை மாடி என்று மனசு பெருக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து அழுதாள். அவர் துண்டை நீட்டினார். அது ஈரமாக இருந்தது.

"ஒங்கிட்டயும் ஒண்ணு கேக்கணும்," என்றார்.

"கேளுங்க. எதுவானாலும் கேளுங்க."

"நான் பேசறப்ப நீ நடுவுல திருத்தக் கூடாது."

"நான் எப்பங்க திருத்தினேன்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். கேட்டுப் பழக்கமில்லாதவர். மேலாளரிடம் கேட்டதைவிட இது கஷ்டமாக இருந்தது போலிருக்கிறது. பார்வையைச் சுவரில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"நாலு வருஷம் முன்னாடி ஒருநாள் வேலை விட்டு வந்து, 'மொளங்காலு'ன்னு ஆரம்பிச்சேன். நீ பேப்பர் கட்டு பார்த்துக்கிட்டிருந்தே. நிமிராமலே 'முழங்கால்'னு சொன்னே. சரிதான்னுட்டு நான் போய்ப் படுத்துட்டேன்."

அவளுக்கு அப்படி ஒரு நாளே ஞாபகத்தில் இல்லை. எத்தனையோ நாட்களில் எத்தனையோ சொற்களைத் திருத்தியிருக்கிறாள். திருத்தியதும் மறந்துவிடுவதுதான் அவள் தொழில்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"வலிக்குதுன்னு சொல்ல வந்தேன்."

ஒற்றம்மா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும், அதைப் பிழையில்லாமல் அமைக்க வேண்டும் என்று தோன்றியபோது தன்மேலேயே வெறுப்பு வந்தது. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள்.

"இப்ப எதுக்கு. அதான் டாக்டரே சொல்லிட்டாரே."

"நீங்க சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மேலே தூக்கி, இடது காலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"மொளங்காலு இங்கதான் மொதல்ல வலிச்சுது," என்றார்.

"அப்புறம்?" என்று கேட்டாள் அவள்.