ஆறு குடித்த மூன்று கோப்பை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குளிருக்குக் காலை மடக்கிக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபத்து நாலாம் வருஷ டிசம்பரில் ஈல் ஆறு எங்கள் பள்ளத்தாக்கில் டியோலிந்தாவின் வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிட்டு நின்றது. மற்ற வீடுகளில் தட்டவில்லை, உடைத்துக்கொண்டு போனது. மலையில் ஒரு வாரம் பனி கொட்டியிருந்தது. அதன்மேல் வெதுவெதுப்பான மழை விடாமல் பெய்ய, பனியெல்லாம் மூன்றே நாளில் கரைந்து இறங்கிவிட்டது.

அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து மாடு கறக்கிற எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் யார் கதவைத் தட்டி, "குட்டி இயேசு ஒண்ணுக்குப் போறாரா?" என்று கேட்டாலும், உள்ளே அழைத்து, 'இதுதான் அவர் போனது' என்று வேடிக்கையாகச் சொல்லி அத்திப்பழ மது ஊற்றியாக வேண்டும். தட்டும் சத்தம் கேட்டதும் டியோலிந்தா கேள்விக்குக்கூடக் காத்திராமல், "போறாரு, போறாரு, உள்ள வாங்க" என்று திறந்துவிட்டாள். ஆறு உள்ளே வந்து முழங்கால் மட்டத்துக்கு நின்றது.

எதிர்த் தொழுவத்துக் கூரையில் ஏறியிருந்த பெல்மீரா கத்தினாள்.

"கதவச் சாத்துடி, கூறுகெட்டவளே!"

"வாய் தவறிக் கூப்பிட்டுட்டேன் அக்கா. வந்தவங்கள எப்படிப் போகச் சொல்றது?"

"ஆமா, பலகாரமும் வை. நல்லா சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

டியோலிந்தா ஊற்றினாள். ஆறு குடித்தது. இரண்டாவதும் குடித்தது. மூன்றாவதை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "என் வீட்டுக்காரரு மாடுகள அவுத்துவிடப் போனாரு, காலைல போனவரு. நீ பாத்திருப்ப. குடிச்சுட்டுச் சொல்லு."

ஆறு அதையும் குடித்தது. அந்த வாரம் அது பன்னிரண்டு பேரைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் பின்னோக்கியே நடந்து வெளியேறியபோது, வாசற்படியில் அவள் புருஷன் ஜனுவாரியோ உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

"பசு எல்லாம் போச்சு, டியோலிந்தா."

"போகட்டும். நீங்க எந்திரிங்க."

ஆனால் அவன் காயவே இல்லை. அடுப்படியில் வைத்துப் பார்த்தார்கள், ஆகஸ்ட் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். டாக்டர் நாடி பிடித்துவிட்டுத் தன் கையைத் துடைத்துக்கொண்டார். தேவாலயத்தில் அவன் உட்காரும் இடத்தில் பாசி பிடித்தது. வெட்கப்பட்டு அவன் தொழுவத்தில் படுக்க ஆரம்பித்தான். அப்படிப் படுத்த பதினோராம் நாள் டியோலிந்தா விளக்கோடு போய் நின்றாள்.

"நீ நனைஞ்சு போவ, வேண்டாம்."

"நனைஞ்சா துவைச்சுப் போட்டுக்கறேன். வந்து படுங்க."

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் எங்கள் ஊர்க் கொடிகளிலேயே அதிகத் துணி காய்ந்தது அவள் கொடியில்தான். அதில் பேச ஒன்றுமில்லை என்று பெல்மீராவே விட்டுவிட்டாள்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் திரும்பி வரட்டும், கண்ணுகளா. எப்படி வந்து சேர்ந்தாலும், துண்டை எடுத்து நீட்ட உள்ளே ஒரு கை இருக்கட்டும்.