நாற்பத்தோராம் கல்

குன்வோர் படங்களைச் சுத்தம் செய்வதில் இரக்கமே பார்க்கமாட்டாள். லில்லோன் ஆற்றின்மேல் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த எழுநூறு படங்களைக் கணினியில் ஒட்டி ஒரே படமாக்கும்போது, அசைகிற எதுவும் பிசிறாகத்தான் விழும். பாதி மான், தலையில்லாத தூண்டில்காரன், வால் மட்டும் மிஞ்சிய நாய். அத்தனையையும் அழித்துவிடுவாள். அவளுக்கு ஆறும் கல்லும் போதும்.

கல்லுக்குக் கல் எண் போட்டு அவள் தரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் தம்பி சிக்ஸ்டன் பொக்லைனை ஆற்றில் இறக்குவான். முன்பு மரக்கட்டைகளை மிதக்கவிடுவதற்காக ஊர்க்காரர்கள் ஆற்றுக் கற்களை வெடிவைத்து அப்புறப்படுத்தினார்கள். சால்மன் முட்டையிட இடமில்லாமல் போனது. இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கல்லைத் தூக்கித் தூக்கிப் பழைய இடத்தில் வைக்கிறார்கள். நல்ல கூத்து! எந்தக் கல் எங்கே கிடந்தது என்பதற்கு, வெடிவைத்த நாட்களில் விமானத்திலிருந்து எடுத்த ஒரு கறுப்புவெள்ளைப் படம்தான் சாட்சி.

இன்றைய படத்தில் நாற்பத்தோராம் கல்லை ஒட்டி, முழங்கால் தண்ணீரில், நீண்ட கழியோடு ஓர் ஆள் நின்றார். போன வாரப் படத்திலும் நின்றார். தூண்டில்காரன் என்று அப்போது அழித்தாள். இன்று காலையும் அழித்து, படத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டாள்.

காபி குடிக்கும்போதுதான் உறுத்தியது. அந்த ஆள் பிசிறவே இல்லையே? தொப்பியின் மடிப்புகூடத் தெரிந்தது. காலைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஒரு சுழிப்பும் இல்லை. ஒட்டுவதற்கு முந்தைய படங்களைத் தனித்தனியாகத் திறந்தாள். பதினெட்டுப் படங்களில் அந்தக் கல் இருந்தது. ஒன்றில்கூட ஆள் இல்லை.

அந்தப் பழைய கறுப்புவெள்ளைப் படத்தைப் பெரிதாக்கினாள். கரையில் ஆட்களெல்லாம் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார்கள். ஒருவர் மட்டும் அதே கல்லருகே, அதே கழியோடு நின்றார். வெடிக்காத வெடி ஒரு கல்லுக்குள் தங்கிவிட்டால், யாரும் நெருங்காதபடி வெடிக்காரர் அங்கேயே காவல் நிற்பது அந்நாளில் அந்த ஆற்று வழக்கம். லில்லோன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் இரண்டு முறை அவரை அழித்திருக்கிறாள், பாவி.

சிக்ஸ்டன் போனை எடுக்கவில்லை. பொக்லைன் இரைச்சலில் அவனுக்கு எது கேட்கும்? காரை விரட்டினாள்.

பொக்லைன் ஆற்றோரத் தண்ணீரில் கையைத் தூக்கியபடி நின்றது. சிக்ஸ்டன் கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

“வாக்கா! எங்கேருந்து புடிச்ச அந்த ஆள? அரை மணி நேரமா கல்ல மறிச்சுக்கிட்டு நின்னான். ஹாரன் அடிச்சேன், கெட்ட வார்த்தைல திட்டினேன். ம்ஹூம், அசையல.”

“நான் யாரையும் அனுப்பலடா.”

“சும்மா கதை விடாத. உன் கார் சத்தம் கேட்டதும்தான் கழியத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்புனான்.”

“எந்தப் பக்கம் போனாரு?”

சிக்ஸ்டன் கை நீட்டி ஆழமான நடு ஆற்றைக் காட்டினான். காட்டிய கையை அவனால் இறக்க முடியவில்லை. குன்வோர் அவனைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கல்லில் துளை இருந்தது. துளைக்குள் பழைய வெடி கசிந்துபோய்க் கிடந்தது. ராணுவத்து ஆட்கள் வந்து பக்குவமாக எடுத்துப் போனார்கள். பொக்லைன் ஒருமுறை தட்டியிருந்தாலே போதும் என்றார்கள்.

அடுத்த வாரம் மீண்டும் ட்ரோனைப் பறக்கவிட்டு, படங்களை ஒட்டினாள். நாற்பத்தோராம் கல்லருகே யாரும் இல்லை. அப்பாடா என்று கீழ்ப்பக்கம் நகர்த்தினாள். அறுபத்து மூன்றாம் கல்லருகே நின்றார். இந்த முறை அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷம், அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அவரைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, தம்பிக்குப் போன் செய்தாள்.