ஞானத்தகப்பனிடம் கேட்ட லைசென்ஸ்

பிரெஞ்சு பேசும் நகரொன்றின் வில்லரேப் பகுதியில் அருமைராசாவின் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியபோது, யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அன்டன் இருந்தார். மன்னார்க்காரர், கூரை வேலை செய்கிறவர், எல்லாவற்றுக்கும் மேலாக மகள் பிரியந்தியின் ஞானத்தகப்பன். பூசை முடிந்து கோயில் வாசலில் இருவரும் கைகொடுத்தார்கள். அவ்வளவோடு காரியம் முடிந்தது.

பிரியந்திக்கு அது முடிந்துவிடவில்லை. பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு என்று ஓடுகிறவள். எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பாள். பிறகும் பிழை தன்னிடம்தானோ என்று யோசிப்பாள். இந்த விஷயத்தில் யோசிக்க நிறைய இருந்தது. அன்டன் தார்ச் சுருளைக் காஸ் நெருப்பில் உருக்கி ஒட்டுவார். அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுச் செலீனின் கூரையும் போகும். வேலை செய்தவரிடம் அதற்கான லைசென்ஸும் இன்சூரன்ஸும் இல்லையென்றால், தங்கள் வீட்டு இன்சூரன்ஸும் கையை விரித்துவிடலாம்.

"லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கோ அப்பா."

"ஆரிட்டை? அன்டனிட்டையோ? ஞானஸ்நானத் தொட்டியடியில உன்னை ஏந்தி நிண்ட மனிசனிட்டை நம்பர் கேக்கவோ?"

"என்னை ஏந்த லைசென்ஸ் தேவையில்லை. நெருப்பை ஏந்தத் தேவை."

அடுப்படியிலிருந்து அம்மா பிலோமினம்மா குரல் கொடுத்தார். "பங்குச் சுவாமி வந்து ஏணிக்குத் தீர்த்தம் தெளிக்கிறன் எண்டவர். அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

"அந்தோனியாருக்கு எந்தக் கொம்பனியில இன்சூரன்ஸ், அம்மா?"

அருமைராசா மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணி தளும்பியது.

கடைசியில் அவளே அன்டனுக்குப் போன் எடுத்தாள். அவர் கோபிக்கவில்லை. சிரித்துச் சிரித்து லைசென்ஸ் நம்பரைச் சொன்னார், இன்சூரன்ஸ் கொம்பனியின் பெயரையும் சொன்னார். "பாத்தியோ?" என்றார் அப்பா. பிரியந்தி வெட்கப்பட்டாள். நல்ல மனிதரைச் சந்தேகித்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஒரு மதிய இடைவேளையில் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் போன் எடுத்துக் கேட்டாள்.

லைசென்ஸ் உண்மையானது; பெயின்ற் அடிக்கவும் மாபிள் பதிக்கவும். கூரைக்கு அல்ல. இன்சூரன்ஸும் அதே வேலைகளுக்குத்தான், நெருப்பு வைத்துச் செய்யும் எந்த வேலைக்கும் இல்லை. தன் பிரெஞ்சுதான் பிழையோ என்று ஆங்கிலத்திலும் கேட்டாள். பதில் மாறவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா ரிவியை நிறுத்தக்கூட இல்லை. "எத்தினை கூரை போட்டிட்டான். ஒண்டாவது எரிஞ்சதோ?"

சனிக்கிழமை சுவாமி வந்து ஏணிக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். காஸ் சிலிண்டர்கள் மேலே ஏறின. அவற்றின் பின்னால் பிரியந்தியும் ஏறினாள். சுருள் விரித்திருந்த இடத்தில் போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள்.

"எழும்பு பிள்ளை, விசர் வேலை பாக்காதை."

"உங்கட லைசென்ஸ் பெயின்ற் அடிக்க மாமா. என்னட்டைப் பொய் சொன்னனீங்கள்."

"என்ன பொய்? நம்பர் கேட்டாய், தந்தனான். எதுக்குரிய நம்பர் எண்டு கேட்டனியோ?"

அவளுக்குக் காது சுட்டது. போனில் கேட்ட அந்தச் சிரிப்பு முழுக்கத் தன்னைப் பார்த்துத்தான் என்று இப்போது விளங்கியது.

"நான் கேக்கத் தெரியாதவள் எண்டதுக்காக எங்கட வீடு எரியட்டுமோ?"

சத்தம் கேட்டு அருமைராசா மூச்சிரைக்க ஏறி வந்தார். "மானத்தை வாங்காதையடி! இறங்கு!" கீழே பல்கனியில் நின்று செலீன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். தன் வீட்டுக் கூரைக்கு அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. தன் கூரை எங்கே முடிகிறது, செலீனுடையது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் ஒரே கறுப்புப் பாயாகக் கிடந்தது.

"அன்டன், இதில நெருப்புப் பத்தினால் எங்க போய் நிக்கும்?"

"பத்தாது, அண்ணை."

"பத்தினால்?"

"பேந்து கதைப்பம். முதல்ல பிள்ளையை இறக்குங்கோ."

"இப்ப சொல்லு. பத்தினால் ஆர் காசு குடுக்கிறது? நீயோ?"

அன்டன் கையிலிருந்த லைட்டரைப் பொக்கெற்றுக்குள் போட்டார்.

"எல்லாத்தையும் இறக்கு" என்றார் அருமைராசா.

"இனி உங்கட வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் அன்டன் ஏணியைக் கழற்றினார்.

மறுநாள் பூசையில், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அன்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருமைராசா முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கைகொடுத்தார். பக்கத்தில் நின்ற மகளுக்குக் கொடுக்கவில்லை. வீட்டைக் காப்பாற்றியது குற்றமா என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது. பாட்டு தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை முன்பின் தெரியாத ஒரு கூரைக்காரருக்குப் போன் எடுத்தாள். லைசென்ஸ் நம்பர் என்ன, அது கூரைக்கானதா, நெருப்பு வேலைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? நாக்கு உலர உலரக் கேட்டாள். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னார். பத்திரங்களை அன்றே ஃபாக்ஸில் அனுப்புவதாகவும், அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகு கூப்பிடும்படியும் சொன்னார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா, மேடம் என்றும் கேட்டார்.

இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு கிழமை முழுக்கத் தன்னைக் கெட்டவளாக நினைத்தாள்? போனை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது. ஒழுகிய தண்ணீர் நிறைந்த வாளியோடு அப்பா அவளைப் பார்க்காமல் கடந்து போனார்.

"நம்பர் கேட்டதுக்கு அந்தக் கூரைக்காரருக்குக் கோவம் வரேல்லை, அப்பா!" என்று அந்த முதுகைப் பார்த்துக் கத்தினாள்.