ஆறாத சிவப்பு

குணபூசணி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டு லிந்துலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருடமே அவளுடைய முகம் கெட்டுப்போனது. கன்னங்களும் மூக்கும் சிவந்து, தோல் காய்ந்து இழுத்தது. சவர்க்கார நுரை பட்டால் எரிந்தது. யாரோ சொன்னார்களென்று வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றை வாங்கிப் பூசினாள். முதலில் வெளுத்தது. பிறகு சிறு பருக்களோடு முன்னைவிட மோசமாகச் சிவந்தது.

நுவரெலியாவில் ஒரு தோல் டொக்டரைப் போய்ப் பார்த்தாள். அதற்கு ரோசேசியா என்று பெயர் என்றும், முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றும் அவர் சொன்னார். அந்தக் கிறீமை உடனே நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன்னே வாசனையில்லாத களிம்பு பூச வேண்டும். உறைப்பும் சூடான தேநீரும் ஆகாது. வெயிலும் குளிர்காற்றும் முகத்தில் படக்கூடாது.

அன்றிலிருந்து வெளியே போகும்போது கண்களுக்குக் கீழே முகத்தை ஒரு பருத்திச் சால்வையால் மூடிக்கொண்டாள். எரிச்சல் மெல்ல அடங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். ஊர் பழகவில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கொழும்பில் குண்டு வெடித்த செய்தி வானொலியில் ஓடிக்கொண்டிருந்த வாரம். சாமான் கடை வைத்திருந்த வீரய்யாவின் வீட்டில்தான் அவள் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். வீரய்யாவின் மனைவி ராசம்மா ஒரு மாலை அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், கடைக்கு ரெண்டு பேரு வந்து விசாரிச்சாங்களாம். முகத்த மூடிக்கிட்டுப் போற யாழ்ப்பாணத்துப் பொம்பள யாருன்னு."

"அவர் என்ன சொன்னவராம்?"

"பள்ளிக்கூடத்து டீச்சருன்னுதான் சொன்னாராம். முகத்துல தீக்காயமான்னு கேட்டாங்களாம்."

"தீக்காயமோ? ஏன்?"

ராசம்மா குரலைத் தாழ்த்தினாள். "குண்டு செய்யிறவங்களுக்கு அப்புடி ஆகுமாம். கொஞ்ச நாளைக்கு அந்தத் துணி வேணாமே டீச்சர்."

"காத்துப் பட்டால் தோல் வெடிக்குமெல்லோ."

"வெடிச்சா மருந்து போட்டுக்கலாம். புடிச்சிட்டுப் போனா என்ன செய்யிறது?"

மறுநாள் அவள் சால்வையில்லாமல் போனாள். வாரம் முடிவதற்குள் அடங்கியிருந்த சிவப்பு திரும்பி வந்தது. கன்னத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. களிம்பும் தீர்ந்துபோனது. சனிக்கிழமை ராசம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினாள்.

வழியில் இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். படத்தில் இருந்தது பத்து வருடத்துக்கு முந்திய தெளிந்த முகம். கன்னம் சூடேறுவது அவளுக்குத் தெரிந்தது. பயப்படப் பயப்பட அவன் கண் முன்னாலேயே முகம் செக்கச்சிவந்தது. அதை அவன் குற்றம் செய்தவளின் பயமாக எடுத்துக்கொண்டான்.

அவளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னான். ராசம்மா ஏறவில்லை. "நா ஒங்ககூடத்தான் இருப்பேன் டீச்சர்" என்றாள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும்.

உள்ளறையில் ஒரு பெண் பொலிஸ் ஈரத்துணியால் கன்னத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். துணியில் லேசாக இரத்தம் பட்டது. குணபூசணி பல்லைக் கடித்துக்கொண்டாள். அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். எப்போது எரிந்தது, யார் வீட்டில் எரிந்தது என்று அமைதியாகக் கேட்டார். ஆவி பறக்கும் பிளேன்டீ ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு, குடிக்கச் சொன்னார்.

குடித்தால் முகம் இன்னும் சிவக்கும். குடிக்காவிட்டால் அவர் என்ன நினைப்பாரோ.

"ராசம்மா, இது தீக்காயமில்லை எண்டு சொல்லுங்கோ. தீக்காயமெண்டால் அப்படியே கிடக்கும். இது நான் ஆறினால் கொஞ்சம் குறையும். சன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கோ. இருந்து பார்க்கச் சொல்லுங்கோ."

ராசம்மா சொன்னாள். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சன்னலைத் திறக்கச் சொன்னார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தார்.

அவள் கண்களை மூடி மூச்சை ஒழுங்காக்கப் பார்த்தாள். வெளியே வண்டி வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கன்னம் மறுபடி குப்பென்று சுட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். தேநீர் ஆறிக் குளிர்ந்துபோனது. பொழுது சாயும் நேரத்தில் பெண் பொலிஸ் குனிந்து பார்த்துவிட்டு, குறைந்திருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள்.

போகலாம் என்றார்கள். அதற்கு முன் நேராக ஒன்றும் பக்கவாட்டில் இரண்டுமாகப் படம் எடுத்தார்கள். ஏன் என்று ராசம்மா கேட்டாள். பெண் பொலிஸ் கமராவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வீடு வந்து சேர்ந்ததும் குணபூசணி முகத்தைத் தண்ணீரில் ஒற்றி, டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த களிம்பை விரலால் வழித்துப் பூசினாள். ராசம்மா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அவரு பயப்படுறாரு. நாங்க இங்கதான பொழைக்கணும். வேற எடம் பாத்துக்கிறீங்களா?"

"இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியும் மட்டும் இருக்கலாமோ?"

ராசம்மா பக்கத்து அறையைப் பார்த்தாள். அங்கே வீரய்யா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சற்றுக் கழித்து, மாட்டேன் என்று சொல்லாமலே அவர் எழுந்து வாசற்கதவை இரவுக்குத் தாழிடும் சத்தம் மட்டும் கேட்டது.