நன்கு உப்பிட்டு அனுப்பவும்

தோள்வலி தங்கமுத்துவுக்குப் பழக்கம்தான். ஈரத்தோல் கட்டு சுமக்கிறவனுக்குத் தோள் வலிக்காமல் வேறு என்ன வலிக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் அதை யாரும் வலி என்று சொல்லிக்கொள்வதில்லை. இந்தச் சுண்டுவிரல் வலிதான் அவனுக்கு மானக்கேடாக இருந்தது. டைப்ரைட்டரில் 'ஏ' எழுத்து இடதுகைச் சுண்டுவிரலின் பாடு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி வெடித்த விரல் அது. ஒவ்வொரு 'ஏ'க்கும் உச்சந்தலை வரை சுரீர் என்றது. இங்கிலீஷ்காரன் அந்த எழுத்தை வைக்காத வார்த்தையே இல்லை போலிருந்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, மிஷின் கடிச்சிருச்சா?" பக்கத்து மிஷினில் இருந்த அல்போன்சா கேட்டாள்.

"வெரல்ல வெடிப்பு, அக்கா."

"நீ தட்டுற தட்டுக்கு மிஷினுக்குத்தான் வெடிக்கணும். மெதுவாத் தட்டு. அதுக்குத் தோலு கெடையாது, உரிக்கிறதுக்கு."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சுருட்டுக்கடை மாடியில் 'மரியசெல்வம் வணிகக் கல்லூரி' இருந்தது. கல்லூரி என்பது பலகையில். படியேறிப் போனால் ஓர் அறை, ஒரு மேசை, நாலைந்து மிஷின், கீழேயிருந்து வருகிற புகையிலை நெடி. பலகையில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்ததுதான் விசேஷம்: 'வக்கீல் ஆபீஸ், தோல் வியாபாரம், ஆஸ்பத்திரி – ஒவ்வொரு துறைக்கும் தனிப் பயிற்சி.' ஊரில் மற்றவர்கள் டைப் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். மரியசெல்வம் மாஸ்டர் லைன் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு லைனுக்கும் மாதிரிக் கடிதங்கள் வைத்திருந்தார். பார்த்துப் பார்த்து அடித்து மனப்பாடம் ஆனதும், ஆபீஸில் பேரையும் தேதியையும் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியது.

மாஸ்டர் இருபது வருஷம் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதியவர். சேர்ந்த அன்றைக்கே சொன்னார். "ஏலே, நீ தோல் லைன் எடு. ஒனக்குத் தெரிஞ்ச தொழிலு."

"தெரிஞ்சதாலதான் சார் வேணாங்குறேன்."

அப்படித்தான் அவன் ஆஸ்பத்திரி லைனில் சேர்ந்தான். அகரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த அல்போன்சா வக்கீல் லைன். அவளுக்குப் பயிற்சி நன்றாகவே பிடித்துவிட்டது. வீட்டுக்கு எழுதின கடிதத்தில், 'மேற்படி ஆடு மேற்படி தோட்டத்தில் மேய்ந்ததா என்பதைத் தெரியப்படுத்தவும்' என்று எழுதிவிட்டாள். அவள் அம்மா அதை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் ஓடி, நம்ம ஆட்டு மேல யாரு கேஸ் போட்டது என்று கேட்டாளாம்.

அந்த ஐப்பசியில் மிஷன் ஆஸ்பத்திரி கிளார்க் கோயமுத்தூர் மில்லுக்குப் போய்விட்டான். வேறு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா மாஸ்டருக்குச் சொல்லியனுப்பினார். அதே வாரம் தோல் ஷாப் மேஸ்திரியும் தங்கமுத்துவைக் கூப்பிட்டுப் பேசினார்.

"சாயங்காலமானா ஓடிப்போயிடுற. இங்க இருக்கதுன்னா முழுசா இரு. திங்கக்கிழமையிலிருந்து ஒன்னய சுண்ணாம்புத் தொட்டியிலயே போட்டுருக்கேன். வரலன்னா வேற ஆளு இருக்கு."

தொட்டியிலேயே நிற்கிறவன் கை எப்படி ஆகும் என்று தங்கமுத்துவுக்குத் தெரியும். அவன் அப்பா கடைசிக் காலத்தில் சோற்றை உருட்ட முடியாமல் கரண்டியால் தின்றார். அந்தக் கையை வைத்துக்கொண்டு டைப் அடிக்க முடியாது. ஆஸ்பத்திரி வேலை கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் படித்ததெல்லாம் சுண்ணாம்புத் தண்ணியோடு போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா அவன் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"தோல் ஷாப்பா?"

"ஆமாங்கம்மா."

"மருந்து தரச் சொல்றேன், போட்டுக்க. இப்ப இதை அடி. கீரனூர் டாக்டர் ஒருத்தரை அனுப்பியிருக்கார். வந்து சேர்ந்தார், இன்ன நிலைமையில இருக்கார்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர்." நோயாளியின் சீட்டைக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனார்.

தங்கமுத்துவுக்கு மூச்சு வந்தது. இதே கடிதத்தைத்தான் ஆஸ்பத்திரி லைனில் மாசக்கணக்காக அடித்திருந்தான். சீட்டைப் பார்த்துக் கோடிட்ட இடங்களை நிரப்பினான். ஒரு வரி மட்டும் கொஞ்சம் இடித்தது. ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணி ஏத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் சமாதானமாகி அதையும் அடித்தான். சுண்டுவிரல் வலியில் உயிர் போயிற்று. ஆனால் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

டாக்டரம்மா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். வராந்தாவைப் பார்த்து, "ஆண்டிச்சாமி, செத்த இங்க வாங்க" என்றார்.

காலில் கட்டோடு ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். கீரனூர்க்காரர். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மண்வெட்டி காலில் இறங்கிவிட்டதாம்.

"உங்களப் பத்தி இந்தத் தம்பி எழுதியிருக்கு. சரியா இருக்கான்னு கேளுங்க." டாக்டரம்மா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"ஐயா, தாங்கள் அனுப்பிய நோயாளி உருப்படி ஒன்று இன்று காலை பஸ் மூலம் வந்து சேர்ந்தது. எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வலது காலில் வெட்டு இருப்பதால் முதல் தரத்தில் சேர்க்க இயலவில்லை. போதிய உப்பு தடவாமல் அனுப்பியதால் லேசான வாடை உள்ளது. இனிமேல் நோயாளிகளை நன்கு உப்பிட்டு, முடி வெளியே இருக்கும்படி மடித்து, கயிறு கட்டி அனுப்பவும். இந்த உருப்படியை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும்."

தங்கமுத்துவுக்குக் காது சுட்டது. இங்கிலீஷில் இருந்தவரை அது ஆஸ்பத்திரிக் கடிதமாகத்தான் இருந்தது. தமிழில் கேட்டதும் தோல் ஷாப்பின் நெடி அடித்தது.

ஆண்டிச்சாமி நிதானமாக யோசித்தார். "எல்லாம் சரிதானுங்க. மடிக்கத்தான் முடியாதுங்க, முழங்கால் வீங்கிக் கெடக்குது."

"முதல் தரம் இல்லைன்னு எழுதியிருக்கே?"

"அதை எங்க ஊட்டுக்காரியும் சொல்லுவாளுங்க. வாடைன்னதுதான் கொஞ்சம் வருத்தமுங்க. குளிச்சுப்போட்டுத்தானுங்க பஸ் ஏறுனேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல தம்பி. அதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குக் காலைல வேற லெட்டரோட வா. இவரை ஆளா எழுதிட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

ஆண்டிச்சாமி வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, எடை கம்மின்னு எழுதுனது நீங்கதானுங்களே?"

"மன்னிச்சிருங்கய்யா."

"மன்னிப்பு எதுக்குங்க. கொறைஞ்சதை ஏத்தி உட்டுருங்க. பஸ் ஸ்டாண்டு கடையில ஆட்டுக்கால் சூப்பு கொதிச்சுட்டு இருந்துச்சுங்க. வாசம் புடிச்சுட்டே வந்தேன். கைல பஸ்ஸுக்குத்தான் இருந்துது."

"வேலை கெடச்சா வாங்கித் தாரேன்யா."

"அப்பக் கெடைக்கட்டுமுங்க."

சாயங்காலம் கல்லூரி மாடியில் தங்கமுத்து கடிதத்தை மாஸ்டர் மேசையில் வைத்தான். நடந்ததைச் சொன்னான். மாஸ்டர் கோபப்படவில்லை. மேசை டிராயரைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

"நான் ஆஸ்பத்திரிக்குள்ள போனது எம் பொண்டாட்டி பிரசவத்துக்குத்தான்டா. அன்னைக்கும் வராந்தாவுலயே நிறுத்திட்டாங்க."

"அப்ப இந்த லெட்டரு?"

"தோல் லெட்டர்தான். தோலுங்கிற எடத்துல எல்லாம் நோயாளின்னு போட்டேன். உப்பை எடுக்கணும்னு நெனச்சிருந்தேன். விட்டுப்போச்சு." கொஞ்சம் தைரியம் வந்து நிமிர்ந்தார். "எல்லா ஆபீஸும் ஒண்ணுதான்லே. வந்துச்சு, இருக்கு, போயிருச்சு. இதுக்கு மேல எந்த ஆபீஸுல என்ன எழுதுறான்?"

அல்போன்சா மிஷினை நிறுத்தினாள். "சார், அப்ப என் வக்கீல் லைனு?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுல மேற்படி வாதின்னு போட்டேம்மா."

அல்போன்சா தன் மிஷினில் இருந்த தாளை உருவி, முழுசும் படித்தாள். "அதான பார்த்தேன். வாதியை நெழல்ல காயப்போடச் சொல்லியிருக்கு."

அவளே சிரித்துவிட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துத் தங்கமுத்து பக்கத்தில் போட்டாள். "சரி தம்பி, அந்த ஆளு பேரு என்ன?"

"ஆண்டிச்சாமி."

"மொதல்ல அதைப் போடு. இம்புட்டுப் பெரிய லெட்டருல அது ஒண்ணுதான் இல்ல."

பெயரைப் போட்டதும் 'உருப்படி' தானாகப் போயிற்று. 'வந்து சேர்ந்தது' 'வந்து சேர்ந்தார்' ஆயிற்று. தரமும் கயிறும் நிற்க முடியாமல் விழுந்தன. இங்கிலீஷில் எங்கே முட்டியதோ அங்கே மாஸ்டர் கை கொடுத்தார். அதில் அவர் கெட்டிக்காரர்தான். எடை குறைவு என்பது மட்டும் கடைசிவரை நின்றது. அது உண்மை.

மறுநாள் டாக்டரம்மா படித்தார். ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு அவருக்கும் வாசித்துக்காட்டினார்.

"நல்லா இருக்குதுங்க. அந்த டாக்டர் எங்க தெருவுலதானுங்க குடியிருக்காரு. ஊட்டுல வெங்காயத்துக்குத் தண்ணி கட்டச் சொல்லி ஒரு வரி போட்டுருங்க."

டாக்டரம்மா தங்கமுத்துவைப் பார்த்தார். "போடு. இனிமே இங்க எந்த லெட்டரும் அந்தந்த நோயாளிக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் தபால்ல சேரணும். அதுவும் உன் வேலை. திங்கக்கிழமை வந்துரு."

திங்கட்கிழமை தொட்டியில் வேறு ஒருவன் இறங்கினான். மேஸ்திரி சொன்னபடி ஆள் இருந்தது. மருந்து போட்டதில் தங்கமுத்துவின் விரல் மெல்ல மூடியது. மாஸ்டர் பலகையை மாற்றவில்லை. ஆனால் கொஞ்ச நாள் மத்தியானம் தவறாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். என்ன உடம்புக்கு என்று கேட்ட நர்ஸிடம், கல்லூரி விஷயமாக வந்திருப்பதாகக் கௌரவமாகச் சொன்னார்.

ஆண்டிச்சாமி சம்பள நாளுக்கு முன்பே குணமாகிக் கீரனூர் பஸ் ஏறிவிட்டார். ஏறும்போது அந்தச் சூப்புக் கடையைக் கையால் காட்டிவிட்டுத்தான் போனார். முதல் சம்பளம் வந்தது. அரிசிக்கடைப் பழைய கணக்கிலும் அம்மாவின் சேலையிலும் அது முடிந்தது. அடுத்த சம்பளத்துக்கும் இப்படி ஏதோ ஒரு வாய் திறந்திருந்தது. கீரனூருக்கு ஒருநாள் போய்வர வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

கீரனூர் டாக்டர் இப்போதும் நோயாளிகளை அனுப்புகிறார். கூடவே வருகிற கடிதத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும். ஆண்டிச்சாமி சொல்லி அவர் எழுதுவது: 'மேற்படி சூப் இன்னும் வந்து சேரவில்லை. நன்கு உப்பிட்டு அனுப்பவும்.'

தங்கமுத்து அந்த வரிக்கு மட்டும் பதில் அடிப்பதில்லை. கீரனூர் ஆண்டிச்சாமிக்கு ஓர் ஆட்டுக்கால் சூப் பாக்கி.