ஊசிக்காது இடுக்கில் வாங்கிய சம்மதம்

மெர்லீன் பிரேக்கை மிதித்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. காலை எடுக்க முடியாது. எடுத்தால் வண்டியின் பின்பக்கம் இடது சுவர்ப் பக்கமாகச் சரியும். மேற்கூரை பாறையில் போய் உட்காரும், ஜன்னல் கண்ணாடி நொறுங்கி அவள் தோளில்தான் கொட்டும். கைப்பிரேக்கை நம்ப வழியில்லை. அது பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான், அதில் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கவும் முடியாது. இடப்பக்கம் இருந்த ஓட்டுநர் கதவு சிவப்புப் பாறையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சாண் திறக்கும், அதற்கு மேல் அங்கேயும் பாறை. கொஞ்ச நேரம் நாமும் அவளோடு அந்த சீட்டில் உட்கார வேண்டியிருக்கும், தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் தெற்கே, மோவாப் ஊரைத் தாண்டி, ஊசிக்காது என்று ஒரு பாதை. பாதை என்று பேர்தான். பாறை பிளந்த இடுக்கு, நடுவில் படிக்கட்டு மாதிரி ஏறும் கல்மேடுகள். ஒரு வண்டி மட்டும் போகலாம், பாதியில் திரும்ப இடம் கிடையாது. அன்றைக்கு மூன்று வண்டிகள் போயின. முன்னால் மெர்லீனின் தம்பி ராய்ஸ், நடுவில் அவள், கடைசியில் ஆர்வின் கிளாவும் அவர் பேரனும். கிளா நவஹோ பழங்குடி ஆள், பக்கத்து ஊர்க்காரர். எந்தக் கூட்டம் போனாலும் அவரைக் கடைசி வண்டியாகத்தான் வைப்பார்கள். அவர் வண்டி வெளியே வந்தால்தான் எல்லோரும் வந்ததாகக் கணக்கு.

மெர்லீனின் புருஷன் வெர்டன் அன்றைக்கு வண்டி எடுத்து வரவில்லை. அவளுக்குக் கை காட்டும் வேலை அவனுடையது.

இந்தக் கை காட்டுவதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்மேடு ஏறும்போது ஓட்டுகிறவருக்குச் சக்கரம் தெரியாது, வானம்தான் தெரியும். எதிரே ஒருவர் நின்று, இடது, வலது, வா, நில் என்று கையால் சொல்வார். பத்துப் பேர் நின்று கத்தினாலும் அந்த ஒருவர் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். மெர்லீன் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். சொன்ன விதிக்கு நடக்கத் தெரிந்தவள். வெர்டனின் கை 'முழுசா ஒடி' என்றது, ஸ்டியரிங்கை ஒடித்தாள். 'வா' என்றது, ஆக்சிலேட்டரை மிதித்தாள். வெர்டன் தலையைத் திருப்பி ராய்ஸோடு வாதாடிக்கொண்டிருந்தான். வாய் அங்கே பேச, கை இங்கே 'வா வா' என்று தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. நில் என்று சொல்லவே இல்லை. வலது முன்சக்கரம் கல்லின் விளிம்பில் மாட்டிக்கொண்டு சுற்றத் திணறியது. 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி பின்னால் வழுக்கி, சுவரில் சாய்ந்துவிட்டது.

ராய்ஸ் ஓடிப்போய்த் தன் வண்டியின் விஞ்ச், அதாவது இழுவை இயந்திரத்தின் கயிற்றை இழுத்து வந்து முன்னால் மாட்டினான். அதனால் வண்டி கீழே உருளாது. பக்கவாட்டில் சரியாமல் இருக்க வலப்பக்கம் மேலே ஒரு பெரிய பாறையில் இன்னொரு கயிறு கட்ட வேண்டும். கிளா தன் வண்டியைப் பேரனிடம் விட்டுவிட்டு, கயிற்றையும் கப்பியையும் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார். அவருக்கு எழுபது வயது. ராய்ஸும் வெர்டனும் அவர் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை. விட்ட வாதத்தைத் தொடர்ந்தார்கள்.

"பாத்தீங்களா மச்சான், பாத்தீங்களா! தண்டு கேரட் மாதிரி ஒடிஞ்சிருக்கு!" ராய்ஸ் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்கு உள்ளே கை காட்டினான். "ஒரு வருஷமா கத்தறேன். இந்தப் புது வண்டிங்க எல்லாம் கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வரத்தான் லாயக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா விரல் தண்டிக்கு ஒரு கம்பி. அதெல்லாம் அறுத்துத் தூரப் போட்டுட்டு, ரெண்டு முன்சக்கரத்தையும் சேத்து ஒரே ஆக்சிலா, தொடை தண்டிக்கு இரும்பு போடணும்."

"ஒரே ஆக்சில் போட்டா மெயின் ரோட்டுல கை உதறும்டா," என்றான் வெர்டன். வழக்கமாக இதை அவன் மேஜையைத் தட்டிச் சொல்வான். இன்றைக்குத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"உதறினா உதறட்டும். ஒடியாது இல்ல?"

"ராய்ஸ்!" மெர்லீன் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "எனக்குக் கால் மரத்துப் போச்சுடா."

"இதோ அக்கா, ஒரு நிமிஷம். மச்சான், ஒரு பக்கம் ஏறினா மறுபக்கம் தானா கீழ அமுங்கும், அதான் ஒரே ஆக்சிலோட அழகே. சக்கரம் மண்ணை விட்டு எழும்பவே எழும்பாது."

"அந்த அழகை அப்புறம் பேசுடா. முட்டி நடுங்குது."

"கிளா இன்னும் கயிறு கட்டலையே, நான் என்ன செய்யட்டும்?"

"போய்ப் பிடிச்சுக் குடுக்கலாம்ல?"

"அவருக்குத் தனியா செஞ்சாத்தான் பிடிக்கும்."

அது உண்மைதான். ஆனால் அதற்காக யாரும் வாய் பேசிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. இடுக்குக்குள் காற்று இல்லை. டாஷ்போர்டில் இருந்த உப்புக்கண்டப் பொட்டலம் சூட்டில் நெய்விட்டு மணத்தது. தண்ணீர் பாட்டில் பின்சீட்டுக்கு உருண்டு போயிருந்தது, எட்டவில்லை. அவள் இரண்டு கையாலும் வலது முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கால் தன்னுடையதாகவே தோன்றவில்லை.

இந்த வண்டியை அவள் எதற்கு வாங்கினாள் தெரியுமா? பஸ்ஸின் விறைத்த ஆக்சில் ஒவ்வொரு குழியையும் இருபத்தேழு வருஷம் அவள் முதுகெலும்பில் எழுதிவிட்டது. வேலையை விட்ட மாதமே தேடித் தேடி இதை வாங்கினாள். தக்காளிக் கூடையை வைத்து ஓட்டினாலும் ஒன்று நசுங்காது. தங்கை வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய், இறங்கி நேராக நடந்து போவாள். முன்னே எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால்தான் நடை வரும். ராய்ஸின் வண்டியில் ஒருமுறை போய்விட்டு மூன்று நாள் படுத்திருக்கிறாள். இந்த வண்டியை அறுத்து இரும்புத் தடி போட்டால் அவளுக்கு மறுபடியும் அதே பஸ்தான்.

வெர்டனுக்கு இது தெரியும். ஒரு வருஷமாக மைத்துனனோடு மல்லுக்கு நின்றதும் இதற்காகத்தான். "என் பொண்டாட்டி வண்டி ஒரு கம்பியை அறுக்காம ஊசிக்காதை ஏறும்டா, பாக்குறியா?" என்று சவால் விட்டதும் அவன்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு," ராய்ஸ் வலது ஜன்னல் இடுக்கில் முகத்தை வைத்தான். "நல்ல ஆக்சில் ஒண்ணு என் பட்டறைல சும்மா கிடக்கு. சனிக்கிழமை வண்டியை விடு. ரெண்டு வாரம். அறுத்து, ஒட்டவெச்சு, பெயின்ட் அடிச்சுக் குடுக்கறேன். எனக்குக் கூலி வேணாம்."

"வேணாம்டா."

"இன்னும் வேணாமா? எங்க உக்காந்திருக்கே பாரு!"

"எனக்கு முதுகு இருக்குடா."

"முதுகு இருந்தாப் போதுமா, உசுரு வேணாமா? ஒடிஞ்சது கண்ணு முன்னால கிடக்கு. நாளைக்கு நீ தனியா வந்து எங்கயாவது ஒடிஞ்சா? யாரு இருப்பா கயிறு கட்ட? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு நிம்மதி. அப்புறம் உன்னைத் தூக்கறேன்."

"சொல்லலைன்னா தூக்க மாட்டியா?"

"ஐயோ, அப்படியா சொன்னேன்?"

அப்படிச் சொல்லவில்லை. பாசத்தில்தான் சொன்னான், கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தை ஜன்னலை விட்டு எடுக்கவில்லை. மெர்லீன் அவனைத் தாண்டி வெர்டனைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவன்தான் குறுக்கே விழுந்து அவளுக்காகப் பேசுவான். தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தொடையில் சதை துடித்தது. கால் பிரேக்கிலிருந்து ஒரு விரற்கடை வழுக்கியது. வண்டி முனகியது. கூரை எங்கோ கல்லை உரசியது.

"சரிடா," என்றாள். "வெட்டிக்கோ. என்ன வேணா வெட்டிக்கோ. என்னை வெளிய எடு."

"மச்சான், கேட்டீங்க இல்ல? நீங்கதான் சாட்சி!"

வெர்டன் தலையாட்டினான்.

அந்த நேரம் மேலிருந்து கிளாவின் குரல் கேட்டது. "கயிறு விழுது, தள்ளிக்கங்க." கயிறு சர்ரென்று இறங்கியது. பின்னாலேயே அவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கொக்கியை மாட்டி, கயிறு விறைக்கும்வரை இழுத்துக் கட்டினார்.

"மெர்லீன், இப்ப வண்டி சாயாது. ஆனா காலை எடுத்துறாதீங்க. இழுக்கறதுக்கு முன்னால சக்கரம் சுத்துதான்னு பாத்துடறேன். பயம் வேணாம்."

"இந்த ரெண்டு ஆம்பளைங்க இருக்கையில எனக்கென்ன பயம்," என்றாள் மெர்லீன். கிளா சிரித்துக்கொண்டே சக்கரத்தின் பக்கத்தில் மல்லாந்து படுத்து, டார்ச்சை அடித்தார். ஒடிந்த முனையிலிருந்து ஸ்பிரிங் வரைக்கும் வெளிச்சத்தை நகர்த்தினார்.

"வெர்டன்," என்றார் கடைசியில். "ஸ்பிரிங்குக்கு மேல ஒரு அலுமினிய வில்லை உக்காந்திருக்கே. கம்பெனி வெச்சதா?"

வெர்டன் தொப்பியை மறுபடி தலையில் வைத்தான்.

"உள்ளங்கை தடிமன் இருக்கு. முன்பக்கத்தை இவ்வளவு தூக்கிவிட்டா இந்தத் தண்டு முழங்கை மடங்கற மாதிரி மடங்கித்தான சுத்தும்? அதுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மிதிச்சா எந்தத் தண்டுதான் தாங்கும்?"

ராய்ஸ் சட்டென்று குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "மச்சான்!"

"நான்தான் வெச்சேன்," என்றான் வெர்டன். "அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப."

"உயரமாத் தெரியுதேன்னு கேட்டேனே," உள்ளேயிருந்து மெர்லீனின் குரல் வந்தது. "புது டயர்னு சொன்னே."

"டயரும் கொஞ்சம்..."

"வெர்டன்."

"இந்த வண்டி ஊசிக்காது ஏறிடுச்சுன்னா இவன் வாயை அடைச்சுடலாம், அப்புறம் யாரும் உன் வண்டி மேல ரம்பம் வெக்கச் சொல்ல மாட்டாங்கன்னு நினைச்சேன். வண்டியோட அடி கல்லுல தட்டும்னு பயந்து தூக்கிவிட்டேன். உனக்காகத்தான் மெர்லீன்."

"ரம்பம் வெக்கறதுக்கு நான் இப்ப சரின்னு சொன்னேன். பக்கத்துலதான் நின்னே. தலைய ஆட்டினே."

ராய்ஸுக்கோ வேறு கோபம். "ஒரு வருஷமா வாதாடி இன்னிக்குத்தான் ஜெயிச்சேன்! அதுவும் பொய் ஜெயிப்பா? வில்லை வெச்ச வண்டியைக் காட்டி நான் என்னத்தைச் சொல்ல? நாலு பேர்கிட்ட இதைச் சொன்னா சிரிக்க மாட்டாங்க?" என்று தொப்பியைத் தூக்கி மண்ணில் அடித்தான். பிறகு, கொஞ்சம் தணிந்து, "அக்கா, நீ சொன்ன வார்த்தையை நான் எடுத்துக்க மாட்டேன்," என்றான்.

"எடுத்துக்கறதுக்கு நான் தரவும் இல்லடா. கிளா, எனக்கு நீங்க கை காட்டுங்க. வெர்டன் கையை நான் பாக்க மாட்டேன்."

கை காட்டுகிறவரைப் பாதியில் மாற்றுவது அந்தக் கூட்டத்தில் சாதாரணம் இல்லை. எல்லார் எதிரிலும் கன்னத்தில் அறைந்த மாதிரி. வெர்டன் விலகி நின்று, இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கிளா கல்மேட்டின் மேல் போய் நின்றார். விரல் மட்டும்தான் அசைந்தது. கொஞ்சம் வலது. இன்னும் கொஞ்சம். நில். மூச்சு விடுங்க என்று வாயால் சொன்னார். ராய்ஸ் விஞ்சை ஓட்டினான், மேலிருந்த கயிறு இழுத்துப் பிடித்தது. வண்டி சுவரிலிருந்து பிய்ந்து வந்து நிமிர்ந்து, மேடேறி, சமமான பாறையில் நின்றது. பிரேக்கிலிருந்து காலை எடுக்க மெர்லீன் இரண்டு கையாலும் அதைத் தூக்க வேண்டியிருந்தது.

பின்கதவு வழியாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தாள். கிளா தண்ணீர் கொடுத்தார். ராய்ஸ் அவள் காலைத் தேய்த்துவிட்டான். ஒடிந்த தண்டைக் கம்பியால் கட்டினார்கள். இனி பின்சக்கரங்கள் மட்டும்தான் ஓடும். முடியாத இடத்தில் ராய்ஸ் கயிறு போட்டு இழுப்பான். இன்னும் ஆறு மேடுகள். திரும்பிப் போக வழியில்லை, முன்னால்தான் போயாக வேண்டும்.

"நான் ஓட்டட்டுமா?" என்றான் வெர்டன்.

மெர்லீன் எழுந்து, பின்பக்கம் ஏறி, சீட்டுகளைத் தாண்டித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் வெளியே நின்றான். நடந்து வரட்டும் என்று விட்டுவிடுவாள் என்றுதான் ராய்ஸ் நினைத்தான்.

"ஏறு," என்றாள்.

ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டான். அடுத்த மேட்டுக்கு முன்னால் இடுக்கு இன்னும் நெருங்கியது. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினாள். வண்டி உள்ளே போனது. இந்தப் பக்கக் கதவுக்கு வெளியே பாறை, அந்தப் பக்கக் கதவுக்கு வெளியே பாறை. முன்னால் ராய்ஸின் வண்டி, கிளாவின் கை. பின்னால் கிளாவின் பேரன் ஓட்டி வந்த கடைசி வண்டி மூச்சு முட்டுகிற நெருக்கத்தில்.

கிளா 'நில்' என்றார், ராய்ஸ் மேடேறும் வரைக்கும். மெர்லீன் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். அவனைப் பார்க்காமல், கிளாவின் கையிலேயே கண் வைத்துக் கேட்டாள்.

"இப்ப சொல்லு. என் வண்டில வேற என்னெல்லாம் மாத்தினே?"

வெர்டன் தன் பக்கத்துக் கதவைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கல் கையகலம் தள்ளி நின்றது.

"ஸ்டியரிங்ல," என்றான். "ரொம்ப ஒடியாம தடுக்கறதுக்கு ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அதை அரத்தால ராவிட்டேன்."

"அப்புறம்?"

"சக்கரம் வழுக்கினா தானா பிரேக் பிடிக்குமே, அந்த ஒயர்..."

"ம். அப்புறம்?"